மனச்சோர்வுக் கேள்வித்தாள்: அந்த மதிப்பெண்ணை எப்படிப் படிப்பது?

"எனக்கு டிப்ரெஷனா?" என்று இணையத்தில் தேடுபவரின் கைக்குப் பல சமயம் வந்து சேர்வது ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாள். அதன் பெயர் பி.எச்.க்யூ-9. சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். முடித்ததும் ஒரு எண் வரும், பக்கத்திலேயே 'லேசானது', 'மிதமானது', 'தீவிரமானது' என்று ஒரு அடைமொழியும் இருக்கும். அதைப் பார்த்துப் பதறிப்போகிறவர்கள் உண்டு. "சரி, எனக்கு ஒன்றுமில்லை" என்று ஃபோனை மூடிவைப்பவர்களும் உண்டு. இரண்டு தரப்புமே அந்தத் தாள் சொல்லாத ஒன்றை அது சொன்னதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

ஏனென்றால் இந்தத் தாள் தனியாக முடிவு சொல்வதற்காக எழுதப்பட்டதல்ல. இதை நிரப்பியவரோடு ஒரு மருத்துவர் உட்கார்ந்து பேசுவார் என்ற எதிர்பார்ப்பில் உருவானது. ஃபோனுக்கு வந்தபோது தாள் மட்டும் வந்தது, மருத்துவர் வரவில்லை. இதைப் பயன்படுத்தக் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் விட்டுப்போன அந்தப் பாதி எது என்று தெரிந்துகொண்டு பயன்படுத்தினால்தான் பலன்.

காத்திருப்பு அறையில் பிறந்த தாள்

1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் தன் நோயறிதல் கையேட்டின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. அதற்கு முன்பு ஒரே நோயாளிக்கு இரண்டு மருத்துவர்கள் இரண்டு நோய்ப்பெயர் சொல்வது சாதாரணம். மூன்றாம் பதிப்பு ஒவ்வொரு நோய்க்கும் அறிகுறிகளைப் பட்டியலிட்டு, இவற்றில் இத்தனை இருந்தால்தான் இந்தப் பெயர் என்று கறாராக வரையறுத்தது. அந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர் ராபர்ட் ஸ்பிட்சர்.

பட்டியல் வந்தாயிற்று. ஆனால் மனச்சோர்வு உள்ளவர்களில் பலர் மனநல மருத்துவரிடம் போவதே இல்லை. தலைவலி, தூக்கமின்மை, அசதி என்று பொது மருத்துவரிடம்தான் போகிறார்கள். அவருக்கு அடுத்த நோயாளி வெளியே காத்திருக்கிறார். இந்த இடத்துக்காகவே ஸ்பிட்சரின் குழு 1994இல் பிரைம்-எம்டி என்ற கருவியை வெளியிட்டது. நோயாளி காத்திருக்கும்போது ஒரு பக்கத் தாளை நிரப்புவார். அதில் 'ஆம்' என்று குறித்தவற்றை வைத்துக்கொண்டு மருத்துவர் மேற்கொண்டு கேள்வி கேட்பார். இந்தப் பேச்சுக்குச் சராசரியாக எட்டு நிமிடம் பிடித்தது. பரபரப்பான கிளினிக்கில் அந்த எட்டு நிமிடமே அதிகம். எனவே 1999இல் மருத்துவர் கேட்கவேண்டிய கேள்விகளையும் நோயாளியே நிரப்பும்படி தாளை மாற்றினார்கள். அதிலிருந்து மனச்சோர்வுப் பகுதியைத் தனியே எடுத்து, அது எவ்வளவு நம்பகமானது என்று சோதித்து, கர்ட் குரோன்கே, ஸ்பிட்சர், ஜேனட் வில்லியம்ஸ் ஆகிய மூவரும் 2001இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். அதுதான் பி.எச்.க்யூ-9.

இதற்கு நிதி கொடுத்தது ஃபைசர் நிறுவனம். மனச்சோர்வுக்கான செர்ட்ரலின் மாத்திரையை விற்றுவந்ததும் அதே நிறுவனம்தான் என்பதை இங்கே சொல்லாமல் போவது சரியில்லை. அதனால் தாள் பொய்யாகிவிடாது, தொடர்பில்லாத பல ஆய்வாளர்கள் பிறகு அதைச் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஆனாலும் மனதில் வைத்துக்கொள்ளவேண்டிய விஷயம். யார் வேண்டுமானாலும் இலவசமாக அச்சடித்துக்கொள்ளலாம் என்று ஃபைசர் விட்டுவிட்டதும் இது உலகமெங்கும் பரவ ஒரு பெரிய காரணம். 1961இல் ஆரோன் பெக் உருவாக்கிய 21 கேள்விகள் கொண்ட தாள் இதைவிட மூத்தது, மதிப்பும் குறைந்ததல்ல. ஆனால் அதைக் காசு கொடுத்துத்தான் வாங்கவேண்டும். 2017இல் கூகுள் நிறுவனம், அமெரிக்காவில் மனச்சோர்வு பற்றித் தேடுபவர்களுக்கு பி.எச்.க்யூ-9 தாளைத் தேடல் பக்கத்திலேயே காட்டத் தொடங்கியது. காத்திருப்பு அறையிலிருந்து அது முழுதாக வெளியே வந்தது அப்போதுதான் என்று சொல்லலாம்.

தாள் கேட்பது என்ன

நோயறிதல் கையேட்டில் உள்ள ஒன்பது அறிகுறிகளும் அப்படியே ஒன்பது வரிகளாக இருக்கும். எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமை, மனம் சோர்ந்து நம்பிக்கையற்றுக் கிடத்தல், தூக்கம் கெடுதல் அல்லது மிகுதல், களைப்பு, பசி குறைதல் அல்லது அதிகமாகச் சாப்பிடுதல், தன்னைப் பற்றியே தாழ்வாக நினைத்தல், கவனம் நிற்காமை, மற்றவர்கள் கவனிக்கும் அளவுக்கு மந்தமாகவோ நிலைகொள்ளாமலோ இருத்தல், கடைசியாக, இறந்துபோனால் தேவலை என்றோ தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளவோ தோன்றும் எண்ணங்கள். கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொன்றும் எத்தனை நாள் இருந்தது என்பதே கேள்வி. இல்லவே இல்லை என்றால் 0, சில பல நாட்கள் என்றால் 1, பாதி நாட்களுக்கு மேல் என்றால் 2, ஏறக்குறைய தினமும் என்றால் 3. மொத்தம் 0 முதல் 27 வரை வரும்.

பலர் இங்கேயே சறுக்குகிறார்கள். தாள் கேட்பது எத்தனை நாள் என்று. எவ்வளவு மோசம் என்று கேட்கவில்லை. நேற்று ஒருநாள் உலகமே இடிந்ததுபோல் இருந்தது, மற்ற பதின்மூன்று நாளும் பரவாயில்லை என்றால், அந்த வரிக்கு 3 போடுவது தவறு. அப்படியே தலைகீழாக, வருடக்கணக்கில் மங்கலான மனநிலையிலேயே இருப்பவர் "இது எப்போதும் இருப்பதுதானே" என்று 0 போட்டுவிடுவார். இந்த இரண்டாவது வகைதான் எனக்குக் கவலை தருவது. சோர்வையே தன் சுபாவம் என்று எடுத்துக்கொண்டவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க நல்ல நாள் எதுவும் நினைவில் இருக்காது.

5, 10, 15, 20 ஆகியவை பிரிப்புக் கோடுகள். 5 முதல் லேசானது, 10 முதல் மிதமானது, 15 முதல் மிதமானதற்கும் தீவிரத்துக்கும் நடுவே, 20 முதல் தீவிரம். இந்த எண்கள் ஏதோ இயற்கை விதியிலிருந்து வந்தவை போலத் தெரியும். 2001 கட்டுரையில் அதை எழுதியவர்கள் சொன்ன முதல் காரணம், இவை மருத்துவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளச் சுலபமானவை என்பதுதான். ஆக, 9 வாங்கியவருக்கும் 10 வாங்கியவருக்கும் நடுவே மதில் எதுவும் கிடையாது.

மூன்று பேர், ஒரே 12

மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பதில் உள்ள சிக்கல் ஓர் உதாரணத்தில் தெளிவாகிவிடும். மூன்று பேர் தாளை நிரப்புகிறார்கள். மூவருக்கும் 12.

முதலாமவர் தூக்கம், களைப்பு, பசி, கவனம் ஆகிய நான்கு வரிகளிலும் 3 போட்டிருக்கிறார். ஆர்வம் குறையவில்லை, மனமும் சோர்ந்திருக்கவில்லை, அந்த இரண்டு வரியும் 0. மனச்சோர்வு நோய் என்று சொல்ல, இந்த இரண்டில் ஒன்றாவது இருந்தாக வேண்டும் என்பது கையேட்டின் விதி. இவருக்குத் தைராய்டு குறைபாடோ ரத்தசோகையோ இருக்கலாம், இரவு ஷிப்ட் வேலையாக இருக்கலாம், வீட்டில் கைக்குழந்தை இருக்கலாம். முதலில் செய்யவேண்டியது ஒருவேளை ரத்தப் பரிசோதனையாக இருக்கும்.

இரண்டாமவர் ஆர்வமின்மை, மனச்சோர்வு, தூக்கம், களைப்பு, தாழ்வாக நினைத்தல், கவனம் என்று ஆறு வரிகளில் 2 போட்டிருக்கிறார். ஒன்பதில் ஐந்தாவது இருக்கவேண்டும், இரண்டு வாரம் நீடிக்கவேண்டும், மேலே சொன்ன இரண்டில் ஒன்று அதில் இருக்கவேண்டும் என்ற கணக்குக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறவர் இவர்தான். பார்க்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது. எந்த வரியிலும் உச்ச மதிப்பெண் இல்லை, ஆனால் எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அரித்திருக்கிறது.

மூன்றாமவர் ஆர்வமின்மைக்கு 3, மனச்சோர்வுக்கு 3, தன்னைத் தாழ்வாக நினைப்பதற்கு 3, கடைசி வரியான சாவு எண்ணத்துக்கும் 3 போட்டிருக்கிறார். எண்ணிப் பார்த்தால் நான்கு அறிகுறிகள்தான், ஐந்துகூட இல்லை. ஆனால் மூவரில் இன்றைக்கே ஒருவரிடம் பேசியாகவேண்டியவர் இவர்தான்.

கணினி மூவருக்கும் 'மிதமானது' என்றே காட்டும். ஒரு மருத்துவர் கையில் தாள் இருந்தால் அவர் கண் மொத்தத்துக்குப் போவதற்கு முன்பே முதல் இரண்டு வரிக்கும் கடைசி வரிக்கும் போகும். வீட்டில் நிரப்புகிறவரும் இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம். கஷ்டமான வித்தை ஒன்றுமில்லை.

சல்லடைக் கணக்கு

10 அல்லது அதற்கு மேல் என்றால் மனச்சோர்வு நோய் இருக்கிறது என்று எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்? பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்து 2019இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் அலசல் வந்தது. மருத்துவர் நேரில் விரிவாகப் பேசிக் கண்டறிந்ததோடு ஒப்பிட்டபோது, நோய் உள்ளவர்களில் 100க்கு 88 பேரைத் தாள் பிடித்தது. நோய் இல்லாதவர்களில் 100க்கு 85 பேரைச் சரியாக விட்டுவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது ஆயிரம் பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 100 பேருக்கு உண்மையிலேயே நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தாள் 88 பேரைப் பிடிக்கும், 12 பேரைத் தவறவிடும். நோய் இல்லாத 900 பேரில் 15 சதவீதம், அதாவது 135 பேருக்கும் 10 அல்லது அதற்கு மேல் வந்துவிடும். ஆக மொத்தம் 223 பேர் சிக்குகிறார்கள். அதில் நோய் உள்ளவர்கள் 88 பேர்தான், பாதிகூட இல்லை. இதுவே ஆயிரத்தில் 300 பேருக்கு நோய் உள்ள ஓர் இடம், உதாரணமாக ஏற்கெனவே சோர்வோடு உதவி தேடி வருகிறவர்கள் கூடும் கிளினிக் என்றால், சிக்கும் 369 பேரில் 264 பேருக்கு நோய் இருக்கும். தாள் அதேதான், சல்லடைக் கண்ணின் அளவும் அதேதான். சல்லடையில் என்ன கொட்டுகிறோம் என்பதைப் பொறுத்து மேலே தங்குவது மாறுகிறது.

இது புரிந்தால் செய்தித் தலைப்புகளையும் கொஞ்சம் நிதானமாகப் படிக்கலாம். "மாணவர்களில் இத்தனை சதவீதம் பேருக்கு மனச்சோர்வு" என்று வருபவற்றில் பல, இதுபோன்ற தாளில் 10 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்களின் எண்ணிக்கை மட்டுமே. 2020இல் வந்த இன்னொரு அலசல், இப்படிக் கணக்கிட்டால் நேரில் பேசிக் கண்டறிவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது என்று காட்டியது. சிக்கியவர்களில் நோயில்லாதவர்கள் எல்லாம் சுகமாக இருக்கிறார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. துக்கம், கடன், பிரிவு, தேர்வு பயம் எல்லாம் மனிதரை வதைக்கத்தான் செய்யும். அவர்களுக்கும் பேச ஆள் வேண்டும், மாத்திரைதான் தேவைப்படாமல் இருக்கலாம்.

எல்லோரையும் சோதிக்கவேண்டுமா என்பதில் நாடுகளே ஒத்துப்போகவில்லை. அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு வயதுவந்த அனைவரையும் சோதிக்கலாம் என்று 2016இல் சொன்னது, 2023இல் அதையே திரும்பவும் சொன்னது. கனடாவின் பணிக்குழு, அறிகுறி எதுவும் சொல்லாதவர்களை வழக்கமாகச் சோதிக்க வேண்டாம் என்று 2013இல் பரிந்துரைத்தது. அமெரிக்கப் பரிந்துரையிலும் 2016இல் ஒரு நிபந்தனை இருந்தது: சரியாகக் கண்டறியவும் சிகிச்சை கொடுக்கவும் தொடர்ந்து கவனிக்கவும் ஏற்பாடு இருக்கவேண்டும். விட்டுப்போன அந்தப் பாதி இங்கேயும் தலைகாட்டுகிறது.

வேறு தாள்களும் உண்டு

பிரசவித்த தாய்க்கு பி.எச்.க்யூ-9 கொடுத்தால் தூக்கம், களைப்பு, பசி என்று மூன்று வரிகள் பிரசவத்தாலேயே நிரம்பிவிடும். இதுபோன்ற சிக்கலைத் தவிர்க்கவே 1987இலேயே எடின்பரோ தாள் வந்திருந்தது, பத்துக் கேள்விகள். அதில் தூக்கம் பற்றி ஒரு கேள்வி இருக்கிறது, ஆனால் கேட்கும் விதம் வேறு. தூங்கவே முடியாத அளவுக்கு வருத்தமாக இருந்ததா என்று கேட்கிறது. குழந்தை எழுப்பியது கணக்கில் வராது. முதியவர்களுக்கான தாள் 'ஆம்', 'இல்லை' என்று மட்டும் பதில் கேட்கும், உடல் உபாதைகளைப் பெரிதும் தவிர்த்துவிடும். 1983இல் வந்த ஹாட்ஸ், வேறு நோய்களுக்காக மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்கானது. அதுவும் உடல் உபாதைகளைத் தவிர்த்துவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வித் தாள் நோயைப் பற்றிப் பேசுவதே இல்லை. உற்சாகமாக இருந்தீர்களா, விழிக்கும்போது புத்துணர்வு இருந்ததா என்று நல்லவற்றை மட்டும் கேட்கும். சோகம் என்ற பேச்சை எடுத்தாலே வாயை மூடிக்கொள்கிறவர்களிடம் இது நன்றாக வேலை செய்யும் என்பது என் எண்ணம்.

எரிச்சலும் கோபமும் பெரியவர்களுக்கான பி.எச்.க்யூ-9 தாளில் இல்லை. வளரிளம் பருவத்தினருக்கான மாற்றுத் தாளில் எரிச்சலைச் சேர்த்திருக்கிறார்கள். சோர்வை அழுகையாகக் காட்டாமல் சிடுசிடுப்பாகவும் குடியாகவும் காட்டுகிற பெரியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குக் குறைந்த மதிப்பெண் வர வாய்ப்பிருக்கிறது.

மேலே சொன்ன தாள்கள் எதுவும் பார்க்க முடியாத இன்னொன்று இருமுனை மனநோய். அதில் சோர்வுக் காலமும், தூக்கமே தேவைப்படாத அதீத உற்சாகக் காலமும் மாறி மாறி வரும். சோர்வுக் காலத்தில் நிரப்பினால் மதிப்பெண் சாதாரண மனச்சோர்வு போலவே இருக்கும். ஆனால் மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலருக்கு அது அதீத உற்சாகத்தைக் கிளப்பிவிடலாம். அதனால்தான் மருத்துவர் "இதற்கு முன் எப்போதாவது நாலைந்து நாள் தூங்காமலே சுறுசுறுப்பாக இருந்தீர்களா, தாறுமாறாகச் செலவு செய்தீர்களா" என்று கேட்பார். இதைத் தாள் கேட்காது.

ஒன்பதாவது வரி

சாவு எண்ணம் பற்றிய கேள்வியைப் பார்த்துச் சிலர் பயப்படுகிறார்கள். கேட்பதாலேயே அந்த எண்ணம் வந்துவிடாதா என்று. வராது. இதைக் குறித்து நடந்த ஆய்வுகள் கேட்பதால் ஆபத்து கூடுவதாகக் காட்டவில்லை. பலருக்கு, ஒருவர் நேராகக் கேட்டதே ஆறுதலாக இருக்கிறது.

இந்த ஒரு வரிக்குத் தனி எடை உண்டு. 2013இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், இதற்கு 'இல்லவே இல்லை' என்றவர்களில் ஓராண்டுக்குள் தற்கொலைக்கு முயன்றவர்கள் 0.4 சதவீதம். 'ஏறக்குறைய தினமும்' என்றவர்களில் அது 4 சதவீதம். பத்து மடங்கு. அதே சமயம் 0 போட்டவர்களிலும் முயன்றவர்கள் இருந்தார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். அதனால் அந்த வரியில் 0 இருப்பது யாருக்கும் உத்தரவாதம் ஆகாது.

ஆய்வாளர்கள் தொலைபேசியிலோ தபாலிலோ மக்களைக் கணக்கெடுக்கும்போது பல சமயம் இந்த வரியை நீக்கிவிட்டு எட்டு வரிகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பி.எச்.க்யூ-8 என்று அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. காரணம் எளிது. ஒருவர் 'ஆம்' என்று சொன்னால் உடனே அவரைக் கவனிக்க எதிர்முனையில் ஆள் இல்லை. இணையத்தில் தனியாக நிரப்புகிறவருக்கும் அதே நிலைமைதான், ஆனால் அங்கே கேள்வி அப்படியே இருக்கிறது. எனவே அந்த வரியில் 1 விழுந்தாலும் மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கக் காத்திருக்க வேண்டாம். நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். எண்ணம் திட்டமாக மாறுவதுபோல் தோன்றினால் தனியாக இருக்காமல் உங்கள் பகுதியின் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையோ அவசர மருத்துவ உதவியையோ உடனே அழையுங்கள்.

கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது

தினமும் நிரப்பிப் பார்ப்பதில் அர்த்தமில்லை. தாள் இரண்டு வாரத்தைக் கேட்கிறது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். நேற்று 11, இன்று 13 என்பதெல்லாம் மாற்றமே இல்லை. 5 மதிப்பெண் கூடினாலோ குறைந்தாலோதான் மருத்துவர்கள் அதைப் பொருட்படுத்துவார்கள். சிகிச்சை தொடங்கியபின் மதிப்பெண் பாதியாகக் குறைந்தால் பலன் கொடுக்கிறது என்றும், 5க்குக் கீழே வந்து நின்றால் நோய் தணிந்துவிட்டது என்றும் எடுத்துக்கொள்வது வழக்கம். என்னைக் கேட்டால், நோய் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, இப்படிப் போக்கைப் பின்தொடர்வதில்தான் இந்தத் தாள் அதிகம் உதவுகிறது.

எங்கே நிரப்புகிறோம் என்பதையும் பார்க்கவேண்டும். பெயர், மின்னஞ்சல் கேட்கும் தளம் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். இணையவழி மனநல ஆலோசனை நிறுவனமான பெட்டர்ஹெல்ப், பயனர்கள் கேள்வித்தாளில் தந்த விவரங்களை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களோடு பகிர்ந்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023இல் குற்றம்சாட்டியது. 78 லட்சம் டாலர் கொடுத்து அந்த நிறுவனம் வழக்கை முடித்துக்கொண்டது. இந்தத் தாளை ஒரு வெள்ளைக் காகிதத்தில் எழுதி நிரப்பினாலும் அதே மதிப்பெண்தான் வரும்.

மருத்துவரிடம் போகும்போது மொத்தத்தை மட்டும் சொல்லாமல், நிரப்பிய தாளையே கொண்டுபோவது நல்லது. கூடவே நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகள், குடிப்பழக்கம் இருந்தால் அதுவும், இது எப்போது தொடங்கியது, இதற்கு முன்பு வந்ததா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்பதைக் குறித்துக்கொண்டால், அவர் கேட்கவேண்டிய கேள்விகளில் பாதி முடிந்துவிடும்.

அப்புறம், தாளின் அடியில் மதிப்பெண் இல்லாத பத்தாவது கேள்வி ஒன்று உண்டு. பல தளங்கள் அதைக் காட்டுவதேயில்லை. இந்தப் பிரச்சினைகளால் வேலை செய்வது, வீட்டைக் கவனிப்பது, மற்றவர்களோடு பழகுவது எவ்வளவு கடினமாகிவிட்டது என்று அது கேட்கிறது. கூட்டலில் சேராது என்பதால் எல்லோரும் தாண்டிப்போகிறார்கள். மேலே உள்ள ஒன்பதும் சேர்ந்து வெறும் 7 வந்திருந்தாலும், இதற்கு உங்கள் பதில் 'மிகவும் கடினம்' என்றால், மருத்துவரைப் பார்க்க அந்தப் பதிலே போதும்.